மூன்றாம் ஓலை

எழுபதைத் தாண்டிய நண்பர்களே, நாம் கூடினால் பேசுவது பெரும்பாலும் மருந்துச் சீட்டைப் பற்றியும் பிள்ளைகளின் விசாவைப் பற்றியும்தான். இன்று வேறு ஒன்று சொல்கிறேன். பதினோரு வயதில் நான் ஒரு கடிதம் எழுதினேன். நான்கே வரி. ஐந்தாவதாக எழுதியிருக்க வேண்டிய ஒரு வரியை எழுதாமல் விட்டேன். அதை எழுதி முடிக்க எனக்கு ஐம்பத்திரண்டு வருடம் ஆயிற்று. எனக்கு வெட்கக்கேடான கதை. ஆனால் நன்றாக முடிந்த கதை, பயப்படாமல் படிக்கலாம்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை காலை, காக்ஸ் டவுனில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியின் அட்டை கழுத்தில் தொங்கியது. விடுமுறை நாளிலும் அதைக் கழற்ற மறந்திருக்கிறாள்.

"அங்கிள், ஜீவனஹள்ளியிலருந்து வர்றேன். ஆயா அனுப்புனாங்க."

எந்த ஆயா என்று கேட்டேன்.

"உங்க அத்தை."

கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அப்பாவின் ஒரே தங்கை. என் பதினோராவது வயதுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. குடும்ப வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் எங்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும். அவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா ஊற்றிய மை இருக்கும். ஜீவனஹள்ளி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அரை நூற்றாண்டு நான் அந்தப் பாதையைத் தாண்டவில்லை. சரித்திரப் பேராசிரியராக முப்பது வருடம் மற்றவர்களுடைய சரித்திரத்தைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நான்.

அந்தப் பெண் விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. ஆயாவுக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. அவருக்கு ஒரே ஒரு ஆசை: தன் அம்மாவை அடக்கம் செய்த குழியில் தன்னையும் அடக்கம் செய்ய வேண்டும். குடும்பக் கல்லறையைத் திறக்க வேண்டுமானால் அதன் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து வேண்டும் என்று கோயில் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். பத்திரம் என் அண்ணன் பெயரில் இருக்கிறது.

"ஆயா சொன்னாங்க, பெரியவன்கிட்ட நேரா போகாத, சின்னவன்கிட்ட போ, அவன் நல்ல பையன்னு."

நல்ல பையன். அந்த இரண்டு வார்த்தையோடு அன்று பகல் முழுதும் வீட்டுக்குள் நடந்தேன். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர். அப்பாவின் மூக்கு, அப்பாவின் குரல், அப்பாவின் நியாயம் எல்லாம் அவருக்கு வந்திருந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை செய்தித்தாளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"தாலி இல்ல, மோதிரம் இல்ல, ஒருத்தனோட குடித்தனம் பண்ணப் போனவங்க. அந்தக் குழியில அப்பா படுத்திருக்கார்டா. அப்பா மேல கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?"

கல்யாணம் நடந்திருந்தால் என்று கேட்டேன்.

"எப்படி நடக்கும்? மூணாவது ஓலை வாசிக்கவே இல்ல. நான் கோயில்ல உக்காந்திருந்தேன். நீயும்தான் உக்காந்திருந்த. வாசிச்சாங்கன்னு ஒரு காகிதம் கொண்டா, அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். நான் வார்த்தை மாறமாட்டேன்."

ஓலை என்பது எங்கள் சபை வழக்கம். கல்யாணம் நிச்சயமானால் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரைப் படிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம். மூன்றும் வாசித்து முடிந்தால்தான் கல்யாணம். இப்போது அச்சடித்த தாளில் படிக்கிறார்கள் என்றாலும் பெயர் ஓலைதான்.

இனி அந்தப் பருவத்துக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து சோல்ஜர்கள் கண்டோன்மெண்டைக் காலி செய்துகொண்டிருந்த வருடம். தெருவில் லாரிகள் குறைந்து, ஏலத்துக்கு வந்த கட்டில்களும் அலமாரிகளும் நடைபாதையில் நின்றன. மழை விட்டதும் எங்கள் தோட்டத்துக் கொய்யா மரத்தடியில் அழுகிய பழத்தின் வாசனை இனிப்பாக எழும். அதையும் மீறி ஒரு வாசனை காலை ஏழு மணிக்கு வாசலுக்கு வரும். ரொட்டி.

ரொட்டிக்காரர் ஜீவனஹள்ளிக்காரர். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி. மூடியைத் திறந்தால் சூடும், கள்ளில் புளித்த மாவின் மணமும் முகத்தில் அடிக்கும். இரவெல்லாம் அடுப்படியில் நின்றவர் என்பதால் புருவத்தில் எப்போதும் மாவு படிந்திருக்கும், இருபத்தைந்து வயதிலேயே நரைத்தவர் மாதிரி. எனக்குத் தனியாக ஒரு திராட்சை பன் எடுத்து வைத்திருப்பார்.

அத்தை ஜீவனஹள்ளியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பச்சை நிற லேடீஸ் சைக்கிளில் போவார். அதன் மணி ஒரு பக்கம் நசுங்கி, அடித்தால் இருமுவது போல் கேட்கும். சனிக்கிழமைகளில் நான் கேரியரில் உட்கார்ந்து கூடப் போவேன். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அத்தைதான். "எழுத்து நிமிர்ந்து நிக்கணும்டா, சாஞ்சு நிக்கறதுக்கு அது என்ன குடிகாரனா" என்பார். அம்மா அதிகம் பேசாதவர். எனக்கு உலகம் என்பது அத்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்து தெரிந்த தெருக்கள்தான்.

ரொட்டிக்காரருக்கும் அத்தைக்கும் இடையில் என்ன இருந்தது என்று அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு அவர் ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். நாலு வயதிருக்கும், மூக்கு ஒழுகும். அவரை அப்பா என்று கூப்பிடும். ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். அவர் பன்னை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க அண்ணன் கொழந்த கண்ணு. அண்ணனும் அண்ணியும் காய்ச்சல்ல பூட்டாங்க. இப்ப நான்தான் அப்பன்."

இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். அன்றே தெரியும்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு. காலை எட்டு மணி ஆராதனை. எங்களைப் போன்ற குடும்பங்கள் எல்லாம் அதற்குத்தான் போகும். பாதிரியார் இரண்டு கல்யாணங்களை அறிவித்துவிட்டு மூன்றாவதாக அத்தையின் பெயரைப் படித்தார். பிறகு ரொட்டிக்காரரின் பெயரை. எங்கள் பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் நின்றது. அத்தைக்கு இருபத்திரண்டு வயது. யாரையும் கேட்காமல் தானே போய் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது. வீட்டுக்கு வந்ததும் பச்சை சைக்கிளைத் தாழ்வாரத் தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அத்தை மறுநாள் நடந்தே பள்ளிக்கூடம் போனார்.

இரண்டாவது ஞாயிறும் வாசித்தார்கள். அன்று மத்தியானம் அப்பா என்னை மாடி அறைக்குக் கூப்பிட்டார். அப்பாவைப் பற்றி நாங்கள் எல்லோரும் பின்னால் தவறாக நினைத்தோம். கொடுமைக்காரர் என்றே அத்தையின் பக்கத்தில் நினைத்திருப்பார்கள். அப்படியில்லை. அவருக்கு ரொட்டிக்காரன் பிடிக்கவில்லை, உண்மை. ஆனால் அது தடை ஆகாது என்று அவருக்கே தெரியும். நியாயமான தடை ஒன்று இருக்கிறதா என்று தேடினார். ஜீவனஹள்ளிக்குப் போய் வந்தவன் நான் ஒருவன்தான்.

அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஒரு குழந்தை இருக்கிறது, அவரை அப்பா என்று கூப்பிடுகிறது என்றேன். அப்பா ஜன்னல் கதவைச் சாத்தினார். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"வேற ஏதாவது தெரியுமாடா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. அத்தை போய்விடக் கூடாது. அதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அப்பா தன் கறுப்புப் பேனாவைக் கொடுத்தார். அதுவரை நாங்கள் யாரும் தொடக்கூடாத பேனா. பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ஐயா, ஜீவனஹள்ளி ரொட்டிக்காரர் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதற்கு நான்கு வயது. அது அவரை அப்பா என்று கூப்பிடுகிறது. நான் என் காதால் கேட்டேன். ஒவ்வொரு வரியும் உண்மை. எழுத்துக்கள் நிமிர்ந்து நின்றன.

மூன்றாவது ஞாயிறு எட்டு மணி ஆராதனையில் பாதிரியார் மற்ற இரண்டு கல்யாணங்களின் ஓலையை வாசித்தார். அத்தையின் பெயர் வரவில்லை. அப்பா புத்தகத்தை மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அத்தை அன்று எங்களோடு கோயிலுக்கு வரவில்லை, தலைவலி என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் போனவர் திரும்பி வரவில்லை. ஓலை நின்றுபோன கல்யாணத்துக்கு ஓடிப்போனாள் என்றது தெரு. அப்பா வேதப்புத்தகத்தை எடுத்து மையை ஊற்றினார்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி இன்னொரு ஞாபகம். அம்மா காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போனவர் மத்தியானம் வெறும் பையோடு வந்தார். கடையெல்லாம் மூடியிருக்கிறது என்றார். அப்பா கோபப்பட்டார். அம்மா முந்தானையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு திராட்சை பன் கொடுத்தார். இன்னும் சூடு ஆறாமலிருந்தது. எங்கே வாங்கினது என்று நான் கேட்கவில்லை. தின்றேன்.

பச்சை சைக்கிள் பூட்டிய இடத்திலேயே துருப்பிடித்தது. அம்மா இறந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அத்தை நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்கள் கோயிலின் ஆவண அறை பின்பக்கம் இருக்கிறது. மூன்று இரும்பு அலமாரி, ஒரு நீள மேஜை, பூச்சி உருண்டையும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாடை. பொறுப்பில் இருந்த அம்மையார் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் தொழிலைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"சரித்திர வாத்தியாரா? அப்ப கஷ்டம் சார். என்ன கெடைக்கணும்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு வருவீங்க."

அவருடைய சட்டங்கள் கடுமையானவை. கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பேனா ஆகாது, பென்சில்தான். பக்கத்தை மேல் மூலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். "எச்சி தொட்டுத் திருப்புனா வெளியதான் சார், பிஷப்பா இருந்தாலும்." செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறப்பார். ஆறு வாரம் போனேன்.

முதலில் ஞானஸ்நானப் பதிவேடு. அத்தையின் பெயர் மூன்றாவது நாளே கிடைத்தது. தகப்பன், தாய், ஞானத்தாய், தெரு. மை ஊற்றப்படாமல் அத்தையின் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பென்சிலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மையார் மின்விசிறியைக் குறைத்தார்.

கல்யாணப் பதிவேடுதான் ஏமாற்றியது. அந்த வருடத்துப் புத்தகத்தில் எப்போதோ தண்ணீர் இறங்கி, பிறகு கரையான் ஏறி, பக்கமெல்லாம் ஒட்டிக் கருப்பட்டிக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. கத்தியை வைத்தால் பொடியாகும் என்றார் அம்மையார். நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அவர் விடவில்லை.

"கல்யாணம் இல்லன்னா ஓலைப் புத்தகம். அது தனியாதான இருக்கு. எடுங்க சார்."

நீளமான, ஒடுக்கமான புத்தகம். மணமக்கள் பெயருக்கு எதிரே மூன்று கட்டம்; ஒவ்வொன்றிலும் வாசித்த ஞாயிற்றின் தேதி. அத்தையின் வரியில் முதல் கட்டத்தில் தேதி இருந்தது. இரண்டாவதில் இருந்தது. மூன்றாவதில் தேதி இல்லை, சிவப்பு மையில் ஓர் எண் மட்டும். சிவப்பு எண் என்றால் அதைச் சேர்ந்த காகிதம் தனியாக ஒரு கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தமாம். அவர் உற்சாகமாக அலமாரிக்குப் போனார். அது என்ன காகிதம் என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

துணியில் சுற்றி நாடா கட்டிய கட்டு. பத்தொன்பதாவதாக அது வந்தது. பள்ளி நோட்டுத் தாள். மை பழுப்பாகியிருந்தாலும் எழுத்துக்கள் நிமிர்ந்துதான் நின்றன. அந்த நேரம் வாசலில் யாரோ கூப்பிட, அம்மையார் எழுந்து போனார். நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அறுபத்துமூன்று வயதில். பையில் வைக்க அதை மடிக்க வேண்டியிருந்தது. மடிக்கத் திருப்பினேன். பின்பக்கத்தில் எழுத்து இருந்தது.

பாதிரியாரின் கை. "விசாரித்தேன். ஜீவனஹள்ளிக்கு நானே போய்ப் பார்த்தேன். குழந்தை மணமகனுடைய இறந்துபோன தமையனின் பிள்ளை. அதன் ஞானஸ்நானப் பதிவும் பார்த்தேன். தடை இல்லை. கடிதம் எழுதியவன் சிறுபையன். அவனை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. வீண் கலகம் வேண்டாம் என்பதால் மூன்றாம் ஓலை ஞாயிறு காலை ஐந்தரை மணி ஆராதனையில் வாசிக்கப்பட்டது. ஒருவரும் தடை சொல்லவில்லை. வியாழன் விவாகம்."

ஐந்தரை மணி ஆராதனை! நம்மில் காக்ஸ் டவுன் பக்கத்துக்காரர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். பட்லர், சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர், ரொட்டி சுடுகிறவர் என்று ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர்களுக்காக விடியற்காலையில் நடந்த ஆராதனை. பட்லர் ஆராதனை என்று கேலியாகச் சொல்வோம். அதே கோயில், அதே பாதிரியார், அதே பாட்டு. ஆனால் கோயில் என்றால் எங்களுக்கு எட்டு மணிதான். எட்டு மணிக்குக் கேட்காதது நடக்கவே இல்லை என்று நாங்கள் ஐம்பத்திரண்டு வருடம் நம்பினோம். எங்கள் வீட்டுச் சமையல்காரர் ஒரு ஞாயிறு தவறாமல் ஐந்தரை மணிக்குப் போய்விட்டு வந்துதான் அடுப்பு மூட்டுவார். அவரை நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அம்மையார் திரும்பி வந்தபோது நான் தாளை விரித்து மேஜையில் வைத்திருந்தேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்தச் சிறுபையன் நான்தான் என்றேன். அவர் நேராக மூன்றாவது அலமாரிக்குப் போய், கீழ்த் தட்டிலிருந்து இன்னொரு கட்டை இழுத்தார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு நகல் எழுதித் தனியாக வைப்பது அந்தப் பாதிரியாரின் பழக்கம். கரையானுக்கு அது தெரியாது. தேதி கையில் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

மணமகன் கையெழுத்து. மணமகள் கையெழுத்து, நிமிர்ந்து. கீழே சாட்சிகள் இருவர். முதலாவது எங்கள் வீட்டுச் சமையல்காரர். இரண்டாவது என் அம்மா.

நண்பர்களே, அம்மாவை நாங்கள் வாயில்லாப்பூச்சி என்று நினைத்து வளர்ந்தோம். அப்பா சொன்னால் உட்கார்வார், அப்பா சொன்னால் எழுவார் என்று நினைத்தோம். அந்த வியாழக்கிழமை காலை அவர் மார்க்கெட் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய், தன் முழுப் பெயரையும் தன் தகப்பன் பெயரையும் கோணல்மாணலாக எழுதிவிட்டு, வெறும் பையோடு வீட்டுக்கு வந்து திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். நான் தின்றது கல்யாண விருந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது என்பதும் ஒரு சட்டம். அம்மையாரும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு காகிதத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மறுநாள் ரயில் பாதையைத் தாண்டினேன்.

ஒடுக்கமான வீடு. வாசலில் தண்ணீர் டிரம், உள்ளே ஒரு தையல் மிஷின். சுவரில் ரொட்டிக்காரரின் படம், மாலையோடு. கடைசியில் உண்மையாகவே நரைத்திருந்தார். அத்தை பிரம்பு நாற்காலியில் இருந்தார். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"வாடா. அந்தத் தண்டவாளத்த தாண்டி வர இவ்ளோ நாளா?"

கல்யாண நகலைக் கொடுத்தேன். பார்த்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "என் கல்யாணம் எனக்குத் தெரியும்டா. உங்களுக்குத்தான் தெரியல." எங்களுக்கு யாராவது வந்து சொல்லியிருக்கலாமே என்றேன். அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டது வெளியே தெரிந்தால் அப்பா அம்மாவை வீட்டில் வைக்கமாட்டார் என்று பயந்திருக்கிறார்கள். அம்மா போன பிறகு, யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

இன்னொரு காகிதம் இருக்கிறது என்றேன். யாரோ ஒரு கடிதம் கொடுத்தார்கள் என்று மட்டும்தான் பாதிரியார் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அது தன் அண்ணன், அதாவது என் அப்பா, எழுதியது என்றே அவர் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டார். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார். அவர் கற்றுக்கொடுத்த எழுத்து அல்லவா.

முழுவதும் படித்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். டீ டம்ளரோடு ஒரு அம்மா வந்தார், ஐம்பது வயதைத் தாண்டியவர். என் வாசலுக்கு வந்த பெண்ணின் தாய். அன்று ரொட்டிக்காரர் தோளில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குழந்தை.

"இங்க பாரு, உன்னப் பத்தி லெட்டர் எழுதியிருக்கான்."

அவர் எட்டிப் பார்த்தார். "என்னாலயா இவ்ளோ கலாட்டா? எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு என் கையில் டீயைக் கொடுத்தார்.

அத்தை என்னை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "அவரு உங்கிட்ட சொன்னாரு. பன் குடுத்துட்டு சொன்னாரு. நான் பக்கத்துலதான நின்னேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"அப்புறம் ஏன்டா எழுதல?"

"நீங்க போயிடுவீங்கன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம். விட்ட வரிய எழுது மொதல்ல."

சட்டைப் பையைத் தடவினேன். ஆறு வாரமாகப் பென்சில்தான் இருந்தது. கதவோரம் நின்றிருந்த பேத்தி தன் கம்பெனிப் பேனாவை நீட்டினாள். ஜெராக்ஸில், நான்காவது வரிக்குக் கீழே எழுதினேன்: அந்தக் குழந்தை அவருடைய இறந்துபோன அண்ணனின் குழந்தை, இது எனக்கு அன்றே தெரியும். கையெழுத்துப் போட்டேன். அத்தை வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப எவ்ளோ அழகா எழுதுவ. இப்ப கோழி கிண்டுன மாதிரி இருக்கு." பிறகு தாளை என்னிடமே கொடுத்தார். "உங்கண்ணன்கிட்ட இதையும் சேத்துக் குடு. கல்யாணப் பேப்பர மட்டும் குடுத்துட்டுத் தப்பிச்சுக்காத."

அவர் சொல்லியிராவிட்டால் தப்பித்திருப்பேன். அதுவும் உண்மை.

அண்ணன் இரண்டையும் தாழ்வாரத்து வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். அம்மாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "அந்தப் பன்னு எனக்கும் குடுத்தாங்களே" என்றார். குரல் அப்பாவின் குரலாக இல்லை. பிறகு என் கடிதத்துக்கு வந்தார்.

"நாலு வரியில அப்பாவையே ஏமாத்திட்டியேடா. அவர் கேட்டிருப்பாரே, வேற ஏதாவது தெரியுமான்னு. கேக்காம இருக்கமாட்டாரே."

"கேட்டார்."

அவர் அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து உள்ளே போய்ப் பத்திரத்தையும் பேனாவையும் எடுத்து வந்து கையெழுத்துப் போட்டார். என்னிடம் கொடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று ஜீவனஹள்ளிக்கு நடந்தார். அன்று அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அண்ணன் கையில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது, அண்ணிக்கு என்று அத்தை கொடுத்தது.

அத்தை அதோடு நிற்கவில்லை. குழி கிடைத்துவிட்டது, ஆனால் செத்த பிறகு தூக்கிக்கொண்டு போகிற கோயிலுக்கு உயிரோடு ஒரு தடவை எட்டு மணிக்கு வர வேண்டும் என்றார். வருவது மட்டுமில்லை, மூன்றாம் ஓலை எட்டு மணிக்காரர்கள் காதில் விழ வேண்டும். ஆவண அறை அம்மையார் பாஸ்டரிடம் போய் என்ன பேசினாரோ, அவர் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு ஜீவனஹள்ளியிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கம்பெனித் தோழிகள் ஒரு பெஞ்சு. முன்வரிசையில் எங்கள் பழைய இடத்தில் அத்தை, வெள்ளைப் புடவையில். அறிவிப்பு நேரத்தில் அம்மையார் ஓலைப் புத்தகத்தை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். பாஸ்டர் மேல் மூலையைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பினார், சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு பெயரையும் படித்தார். முதல் ஓலை, இரண்டாம் ஓலை எட்டு மணி ஆராதனையில். மூன்றாம் ஓலை ஐந்தரை மணி ஆராதனையில். தடை ஏதும் இல்லை. விவாகம் இந்தப் பீடத்தின் முன்பாகவே நடந்தது.

அறிவிப்புக்கு யாரும் எழுந்து நிற்கிற வழக்கமில்லை. அண்ணன் எழுந்தார். பிறகு நான். பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம் வாசல் வரை போயிற்று. முட்டி வலி என்பதால் அத்தை மட்டும் உட்கார்ந்திருந்தார். என் சட்டை நுனியை இழுத்தார். குனிந்தேன்.

"தடை சொல்றவங்க யாராச்சும் இருக்காங்களா, பாருடா."

"யாரும் இல்ல அத்தை."

"அப்ப சரி."

என் கடிதமும், நான் எழுதி முடித்த ஜெராக்ஸும் இப்போது அந்தக் கட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. ஐம்பது வருடம் கழித்து யாராவது கை கழுவித் துடைத்துவிட்டு எடுத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

அண்ணன் அவ்வளவு ரோஷத்தோடு கையெழுத்துப் போட்ட காகிதத்தை அத்தை ஆறு வருடம் பெட்டியிலேயே வைத்திருந்தார். டாக்டரைக் காட்டிலும் அவர் இருதயம் பிடிவாதமானது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் போவேன். என் எழுத்தைத் திருத்துவதாகச் சொல்லி மளிகைச் சீட்டு எழுத வைப்பார். மன்னிப்பைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. ஒரு சனிக்கிழமை நான் போகாமல் விட்டதற்கு ஆள் அனுப்பினார், அது போதும் எனக்கு.

அவர் போனபோது அவர் அம்மாவின் குழியைத் திறந்தோம். அடக்கம் முடிந்து ஆபீஸில் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்கள். இறந்தவர் இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய், தகவல் கொடுப்பவர் யார், என்ன உறவு என்று வரிசையாகக் கட்டங்கள். பேனா என்னிடம் இருந்தது. எழுத்து நிமிர்ந்து நிற்கும்படி மெதுவாக எழுதினேன். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.